எடை பார்த்து வாங்கிய மோட்டார்

இப்போதெல்லாம் மோட்டாரும் அதை ஓட்டும் கண்ட்ரோலரும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகின்றன. ஒயரைச் சொருகிப் பொத்தானை அழுத்தினால், கண்ட்ரோலர் தானாகவே மோட்டாரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு, பச்சை விளக்கைக் காட்டிவிடுகிறது. சேலத்தில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகள் போன மாதம் என்னைக் கேட்டார்கள்: "இந்த வசதி இல்லாத காலத்துல நீங்க என்னதான் மேடம் பண்ணுனீங்க?"

திட்டு வாங்கினோம் என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சேலத்தில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தேன். ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் சில வருடம் கை கறுக்க வேலை செய்தேன். அதன் பிறகு மேலே ஏற்காட்டில் ஒரு ஸ்பிரிங் ஃபாக்டரியில் எலக்ட்ரிகல் பொறுப்புக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மிச்சத்தை எல்லாம் மெஷின்களும், அவற்றைவிட முரண்டு பிடித்த மனிதர்களும் கற்றுக்கொடுத்தார்கள்.

ஏற்காட்டில் எதற்கு ஸ்பிரிங் ஃபாக்டரி என்று கேட்காத ஆளில்லை. முதலாளிக்கு அங்கே காப்பி எஸ்டேட் இருந்தது. எஸ்டேட்டில் ஒரு கொட்டகை காலியாக இருந்தது. அவருடைய மைத்துனர் சேலத்தில் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் செய்துகொண்டிருந்தார். ஸ்ப்ரேயரின் வால்வுக்கு ஸ்பிரிங் வேண்டும். அதைக் காலிக் கொட்டகையில் செய்தால் என்ன என்று ஒரு குளிர்ந்த காலையில் முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. குளிர்ந்த காலைகளில் பணக்காரர்களுக்குத் தோன்றும் யோசனைகளால்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு ஓடியது, அதனால் குறை சொல்லக் கூடாது.

மேனேஜர் தண்டபாணி அதே எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து கணக்கெழுதியவர். காப்பித் தோட்டத்தை நடத்திய முறையிலேயே ஃபாக்டரியையும் நடத்தினார். காலையில் விசில் ஊதி, எந்த ஷிப்டு ஆளானாலும் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். ஸ்பிரிங்கைக் காப்பிப் பழம்போலக் கூடையில் வாங்கி எடை போடுவார். "கூடை நெறையலையே" என்பார், மெஷின் என்ன செடியா என்று யாரும் கேட்டதில்லை. ஆட்களுக்கு வீடும் எஸ்டேட் வழக்கப்படிதான்: வேலை இருக்கும்வரை, வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு. வேலை போனால் சட்டி பானையோடு இறங்கிவிட வேண்டும். என்னை அவர் முதல் நாள் "கண்ணு" என்று கூப்பிட்டார், என் தலை நரைத்த பிறகும் கண்ணுதான்.

ஸ்பிரிங் மெஷின் செய்கிற வேலை எளிமையானது. ரோலர்கள் கம்பியைத் தள்ளும். எதிரே நிற்கும் கெட்டியான முனையில் மோதிக் கம்பி வளையும். வேண்டிய நீளம் போனதும் கத்தி வெட்டும். தள்ளிய கம்பி கொஞ்சம் குறைந்தாலும் ஸ்பிரிங் குட்டையாகிவிடும், ஸ்ப்ரேயர் வால்வு ஒழுகும். ஆகவே ரோலரைச் சுற்றும் மோட்டார் சொன்ன அளவு சுற்றியாக வேண்டும். அங்கேதான் மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் பொருத்தம் பார்க்கும் வேலை வருகிறது.

மோட்டார்களில் பல குணம் உண்டு. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் கரண்ட் கொடுத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும், எந்த இடத்தில் நிற்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது. டி.சி. மோட்டார் வேகத்தைச் சொன்னபடி கேட்கும், ஆனால் உள்ளே இருக்கும் கார்பன் தேய்ந்து தூளாகும், ஏற்காட்டுப் பனியில் அந்தத் தூள் நமுத்துப்போய்த் தகராறு செய்யும். ஸ்டெப்பர் மோட்டார் அடியடியாக நகரும். இத்தனை அடி வை என்று கண்ட்ரோலர் சொல்லும், வைத்ததா என்று திரும்பிப் பார்க்காது. சர்வோ மோட்டாரின் முதுகில் ஒரு கண் இருக்கும், நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று கண்ட்ரோலருக்குத் திருப்பிச் சொல்லும். நம் முதலாளிக்குச் சர்வோவின் விலையைக் கேட்டதுமே காது அடைத்துக்கொள்ளும். மேனேஜரோ ஸ்டெப்பர் கண்ட்ரோலர் இனம். சொல்லிவிட்டால் நடந்துவிட்டது என்று அர்த்தம். கீழே இருப்பவன் என்ன சொல்கிறான் என்று கேட்கும் ஒயர் அவரிடம் கிடையாது.

எஸ்டேட்டில் இன்னொரு பழக்கம் இருந்தது. காப்பி சீசனில் எது குறைந்தாலும் எங்கிருந்தாவது கழற்றி வந்து மாட்டிக்கொள்வார்கள். நான் சேர்ந்த புதிதில், பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினின் மோட்டார் கருகிவிட்டது. நான் லீவில் இருந்த நேரத்தில் எங்கள் டி.சி. மோட்டாரைக் கழற்றிப் பல்பரில் மாட்டிவிட்டார்கள். எங்கள் மெஷின் சும்மா இருக்கக் கூடாதே என்று, மூலையில் கிடந்த ஒரு சாதாரண மோட்டாரை டி.சி. கண்ட்ரோலரில் சேர்த்துவிட்டார்கள். அங்கே மோட்டார் புகைந்தது, இங்கே கண்ட்ரோலரும் புகைந்தது. கொட்டகை நிறையப் புகை நின்றபோது மேனேஜர், "ஒண்ணுமில்ல, பனி எறங்குது" என்று சொல்லி வேலையை நடத்தச் சொன்னாராம். வந்து பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட மலைப்புதான் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி கோயம்புத்தூரில் ஸ்டெப்பர் கண்ட்ரோலர் ஒன்று செய்து வாங்கினார். அதற்கு ஏற்ற மோட்டார் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கண்ட்ரோலரின் விவரங்களைப் பார்த்து ஒரு சின்ன மோட்டாரைக் காட்டினேன். முதலாளி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், முகம் சுளித்தார். பக்கத்தில் இருந்த பெரிய மோட்டாரை இரண்டு கையாலும் தூக்கினார். பலாப்பழம் வாங்குகிறவர் முகத்தில் வருமே ஒரு திருப்தி, அது வந்தது.

"நொம்ப கனமா இருக்குதும்மா. இதையே எடுத்துக்கலாம்."

"சார், இது நிக்கும்போதுதான் பலசாலி. ஓடும்போது நம்ம கண்ட்ரோலரால இதுக்கு ஈடு கொடுக்க முடியாதுங்க."

"சின்ன மாட்டைப் பூட்டிப் பெரிய வண்டிய இழுக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். பெரிய மோட்டாருக்கு விலை அதிகம், அவர் ஏன் சிரிக்க மாட்டார்?

விஷயம் இதுதான். ஸ்டெப்பர் ஒவ்வொரு அடி வைக்கவும் அதன் சுருளில் கரண்ட் ஏற வேண்டும். பெரிய மோட்டாரின் சுருளில் கரண்ட் மெதுவாகத்தான் ஏறும், பெரிய அண்டாவைச் சின்னக் குழாயில் பிடிப்பது மாதிரி. வேகமாக ஓடும்போது பாதி நிரம்புவதற்குள் அடுத்த அண்டாவை நீட்டிவிடுவார்கள். கண்ட்ரோலர் தரும் வோல்ட்டேஜ் தாராளமாக இருந்தால் சமாளிக்கலாம். எங்கள் கண்ட்ரோலரில் அந்தத் தாராளம் இல்லை, லைனில் வோல்ட்டேஜ் இறங்கினால் அதிலும் இறங்கும். மாட்டிப் பார்த்தேன், ஸ்பிரிங் சரியாக வந்தது. ஆனால் விளிம்பில் நிற்கிறது என்று மேனேஜரிடம் சொன்னேன். "வந்துருச்சில்ல கண்ணு? அப்பறம் என்ன?" என்றார்.

சில மாதம் ஒரு வம்பும் இல்லை. காப்பி சீசன் தொடங்கியது. காலை ஷிப்டில் ராஜேந்திரன் போடும் ஸ்பிரிங் அளவாக வந்தது. மத்தியான ஷிப்டில் காளியப்பன் போடும் ஸ்பிரிங்கில் பத்துக்கு நாலு குட்டை. சேலத்திலிருந்து கூடை கூடையாகத் திரும்பி வந்தது.

காளியப்பன் வாழவந்திக்காரர், மலை விவசாயக் குடும்பம். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்து சுருங்கியதால் ஃபாக்டரிக்கு வந்தவர். மனைவி பொன்னி அதே எஸ்டேட்டில் காப்பி பறித்தார். இரண்டு பெண் குழந்தைகளோடு லைன் வீட்டில் இருந்தார்கள். கோயில் திருவிழா முடிந்து தள்ளாடுகிற ஆட்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஊரில் காளியப்பனைத்தான் தேடுவார்கள். அந்தக் கூட்டத்தில் தெளிவாக இருக்கும் ஒரே ஆள் அவர்.

மேனேஜர் கூடையைப் பார்த்தார், காளியப்பனைப் பார்த்தார், கண்டுபிடித்துவிட்டார்.

"காலையில சரியா வர்ற மெஷினு மத்தியானம் எப்படிக் கெடும்? சோத்துக்குப் போறப்ப ஊத்திக்கிட்டு வர்றான்."

"சார், ரெண்டு பேரையும் ஷிப்டு மாத்தி விட்டுப் பார்க்கலாமே?" என்றேன்.

"நல்லா இருக்கறவனையும் கெடுக்கச் சொல்றியா கண்ணு? நீ பேனலைப் பாரு. ஆளை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். காலை வரிசையில் எல்லோர் முன்னாலும் காளியப்பனை நிறுத்தி, வாயை ஊதச் சொன்னார். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் பறிப்பு இல்லை. காளியப்பன் போட்ட ஸ்பிரிங் ஒன்றுகூடக் குறையாமல் அளவாக வந்தது. மேனேஜர் கூடைக்குள் கையை விட்டு அளைந்து, "பாத்தியா கண்ணு? ஒரு வார்த்தை சொன்னேன், மெஷினே திருந்திருச்சு" என்றார்.

நான் வேறொன்றைக் கவனித்தேன். கொட்டகை அமைதியாக இருந்தது. தினமும் மத்தியானம் பறித்த பழம் வந்து சேர்ந்ததும் கடகடவென்று ஆரம்பிக்கும் பல்பர் அன்று ஓடவில்லை. எங்களுக்கும் பல்பருக்கும் ஒரே லைனில்தான் கரண்ட், அதிலும் நாங்கள் கடைசி. மறுநாள் என் பையிலிருந்து இரண்டு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தேன். ஒன்றை மோட்டாரின் சுழலும் தண்டில் ஒட்டினேன். இன்னொன்றை அதற்கு நேராக மோட்டாரின் உடம்பில் ஒட்டினேன். கம்பியை ஓட்டி, பிறகு மோட்டாரை அதே அளவு பின்னால் சுற்றி வரச் சொன்னேன். பல்பர் நின்றபோது இரண்டு பொட்டும் நேருக்கு நேர் வந்து நின்றன. பல்பர் ஓடியபோது மீட்டரில் வோல்ட்டேஜ் இறங்கியது, தண்டின் பொட்டு வேறெங்கோ போய் நின்றது. மோட்டார் அடிகளைத் தவறவிடுகிறது. கண்ட்ரோலர் அது தெரியாமல் கத்தியை இறக்கிக்கொண்டிருக்கிறது.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"மோட்டாருக்குப் பொட்டு வெச்சிருக்கியா? நல்லா இருக்குது. பூவும் வெச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைச் சொல்லியும் பயனில்லை. மோட்டார் தவறு என்றால் அதை வாங்கியவர் தவறு. வாங்கியவர் முதலாளி. அந்த இடத்தில் மேனேஜரின் மூளை ஒரு அடிகூட முன்னால் வைக்காது.

அந்த வாரமே காளியப்பனைக் கூப்பிட்டு மேனேஜர் ஒரு வழி சொன்னார். குடித்ததை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் வேலையும் வீடும் இருக்கும். இல்லை என்று சாதித்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் காலை வரிசையில் காளியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"குடிச்சது நெசந்தானுங்க சாமி. இனிமே தொட மாட்டனுங்க. மன்னிச்சுருங்க."

பக்கத்தில் நின்ற ராஜேந்திரன் தரையைப் பார்த்தான். அவன் இரண்டு திருவிழாவில் காளியப்பன் தோளில் தொங்கி வீடு போய்ச் சேர்ந்தவன். மேனேஜர் மட்டும் கண் கலங்கி, "மனுசன்னா இப்படி ஒத்துக்கோணும்" என்றார்.

ஆனால் மோட்டாருக்கு மன்னிப்பெல்லாம் தெரியாதே. அன்று மத்தியானமும் பல்பர் ஓடியது, ஸ்பிரிங் குட்டையாகத்தான் வந்தது. மன்னித்த பிறகும் குடிக்கிறான் என்று மேனேஜருக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பொன்னி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, வெள்ளக்கடையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போக ஆயத்தமானார்.

சனிக்கிழமை முதலாளி மேலே வருவார் என்பது எனக்குத் தெரியும். முதலாளி வந்தால் மேனேஜருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெரிதாகும் என்பதும் தெரியும். மேனேஜரிடம் போனேன்.

"சார், காளியப்பன் எடத்துக்கு ஆள் இல்லை. முதலாளி வர்ற நேரத்துல மெஷின் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்? நீங்களே ஒரு கூடை போட்டுக் காட்டுனா அவங்களுக்கும் ஒரு திருப்தி."

மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். உண்மையில் அந்த மெஷினில் ஆள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கம்பியைக் கோத்து, பொத்தானை அழுத்தி, விழுகிறதைக் கூடையில் பிடிக்க வேண்டும். அவர் அதைத் தேர் இழுப்பது மாதிரிச் செய்தார். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தார். பல்பர் தூரத்தில் கடகடத்துக்கொண்டிருந்தது. கூடை நிறைந்ததும் நான் அளவு பார்க்கும் பலகையை எடுத்து வந்து முதலாளி முன்னால் வைத்தேன். அதில் நிற்கும் ஊசியில் ஸ்பிரிங்கைப் போட்டால் தலை கோட்டைத் தொட வேண்டும்.

முதலாளி ஒன்றைப் போட்டார், தொடவில்லை. இன்னொன்று தொட்டது. அடுத்த இரண்டும் தொடவில்லை. அவர் நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார்.

"ஏனுங்க தண்டபாணி, நீங்களும் ஊத்திக்கிட்டுத்தான் வந்தீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. ஷிப்டு முடிந்தும் போகாமல் நின்ற ராஜேந்திரன் மட்டும் கம்பிச் சுருளுக்குப் பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். மேனேஜர் கம்பி சரியில்லை என்றார், குளிர் என்றார். நான் முதலாளியிடம் பல்பரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். பழம் காத்திருக்கிறது என்று தயங்கினார், பிறகு ஆளை அனுப்பினார். சத்தம் நின்றது. அதே மேனேஜர், அதே கம்பி, அதே குளிர். ஸ்பிரிங் வரிசையாகக் கோட்டைத் தொட்டது. பொட்டையும் காட்டினேன்.

முதலாளி மோட்டாரைத் தடவிக்கொடுத்தார். "இத்தன கனமா இருந்தும் இப்படிப் பண்ணுதே" என்றார், சொந்தக்காரப் பையன் பரீட்சையில் தோற்றதுபோல. அடுத்த வாரம் நான் முதலில் காட்டிய சின்ன மோட்டார் வந்தது. நான் ஒவ்வொரு ஒயராகப் பார்த்து இணைத்தேன், கரண்டின் அளவை வைத்தேன், பல்பர் முழு வேகத்தில் ஓடும்போது பொட்டு ஒட்டி மறுபடி சோதித்தேன். விலகவில்லை. பெரிய மோட்டார் காப்பி காயப்போடும் களத்துக்குப் போய்த் தார்ப்பாய் பறக்காமல் பிடித்துக்கொண்டது. கனத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

காளியப்பனைத் திரும்ப வரச் சொன்னார்கள். வீடும் அவருக்கே என்றார்கள். நான் மேனேஜரிடம், "காலை வரிசையில குடிகாரன்னு சொன்னீங்களே சார், இல்லைன்னு ஒரு வார்த்தை அதே வரிசையில சொல்லிடுங்க" என்றேன்.

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மெஷின் தப்பு மெஷினோட. குடிச்சேன்னு அவனே வாயால ஒத்துக்கிட்டானே கண்ணு? அதை நான் எப்படி இல்லைங்கறது?"

லைன் வீட்டுக்குப் போனேன். வெள்ளக்கடையிலிருந்து திரும்பியிருந்த காளியப்பனும் பொன்னியும் சாக்கை அவிழ்த்துப் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நடந்ததைச் சொல்லி, "நாளைக்கு வரிசையில நீங்களே சொல்லுங்க. குடிக்கவே இல்லை, பயந்து சொன்னேன்னு சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன்.

பொன்னி கணவரைப் பார்த்தார். காளியப்பன் கையில் இருந்த குண்டானைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.

"வேண்டாமுங்க மேடம். சொன்னா, அப்ப ஏன்டா பொய் சொன்னேன்னு கேப்பாருங்க. குடிச்சவனுக்கு மன்னிப்பு இருக்குதுங்க. பொய் சொன்னவனுக்கு இந்த ஊடு இருக்குதுங்களா?"

பொன்னி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், பொரியும் கடலையும் கொடுப்பதற்கு முன்னால் மேனேஜர் சின்னப் பிரசங்கம் செய்வார். குடியால் கெட இருந்த ஒரு குடும்பத்தைத் தான் ஒரே வார்த்தையில் திருத்திய கதை அதில் வரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் திரும்பிக் காளியப்பனைப் பார்ப்பார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க" என்று தலையாட்டுவார். மேனேஜர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. திருந்திய மனுசன் கையால் போட்டால்தான் பொருத்தமாக இருக்கும் என்று மேனேஜரே சொன்னார். காளியப்பன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மாலையைப் போட்டார். அப்போதும் அவர்கள் அந்த லைன் வீட்டில்தான் இருந்தார்கள்.